மஞ்சள் நூல் கட்டிய மரங்கள்

"வீட்டுக்குள்ளயே பூட்டி வெச்சா சரியாப்போவாதும்மா. நல்ல காத்துல நடக்க வுடு" என்று டாக்டரம்மா சொன்னதுதான் ஆரம்பம். என் மகளுக்கு நாலரை வயது. தவழ ஆரம்பித்த நாளிலிருந்தே மூச்சிழுப்பு. தறி ஓடும் வீட்டில் இழைத் தூசி பட்டால் இழுக்கும், மழை பெய்தால் இழுக்கும், ஊதுவத்தி கொளுத்தினால் இழுக்கும். எங்கே நடக்க விடுவது? ஐயம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வெளியே வந்தால் லாரிப் புழுதி.

வழியைக் கண்டுபிடித்தவள் என் நாத்தனார். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள், எந்நேரமும் கையில் போன். வாலாஜாபாத் தாண்டி, சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் சின்னச் சின்னக் குன்றுகள், இடையில் புதர்க்காடு, அதற்குள் ஒற்றையடிப் பாதை. ‘குழந்தைகளும் சுலபமாக நடக்கலாம்’ என்று யாரோ எழுதியிருந்ததைக் காட்டினாள். நான் அதைப் பலமுறை வாங்கிப் படித்தேன். எழுதியவருக்குக் குழந்தை உண்டா என்று எங்கும் போடவில்லை.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட். மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். "கோயிலுக்குன்னா புரியுது. சும்மா மலையைப் பாக்க யாராச்சும் புள்ளையத் தூக்கிக்கினு போவாங்களா?"

"டாக்டர் சொன்னாங்க அத்தை."

"டாக்டரு கூட வராங்களா?"

ஸ்வெட்டர், குல்லா, வெந்நீர், மாற்றுத்துணி, இழுப்புக்கு மருந்தடிக்கும் பம்பு, அதை மாட்டி இழுக்கும் பிளாஸ்டிக் குழல் எல்லாவற்றையும் பையில் வைத்தேன். காட்டுக்குள் போன் எடுக்காது என்று நாத்தனார் சொன்னதால், பாதை பிரியும் இடங்களில் அடையாளம் கட்ட வீட்டில் கிடந்த கழிவுப் பட்டு நூலிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அவள் அரக்கு நிறத்தை எடுத்தாள். பச்சைக்கு நடுவில் மஞ்சள்தான் பளிச்சென்று தெரியும் என்று நான் மாற்றினேன்.

குன்றின் அடியில் ஒரு புளியமரத்து நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தினோம். "இன்னா அண்ணி, இதுவா மலை? நம்ம தெரு ஸ்பீடு பிரேக்கருக்கு அண்ணன் மாதிரி இருக்குது" என்று நாத்தனார் சிரித்தாள்.

கிளம்பும் முன் பையைத் திறந்து பார்த்தேன். வெயில் முதுகில் அடிக்கும், பையும் சுடும். பம்பை வெயில் படாமல் வைக்கவேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. நான் படித்தவள், எழுதியிருப்பதை மதிக்கிறவள். பம்பையும் குழலையும் எடுத்து, நிழலில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவி நாத்தனாரிடம் இருந்தது.

முதல் குன்று உண்மையிலேயே சுலபம். நுணா, காரைமுள், நடுநடுவே ஈச்சம்புதர். பாதை பிரியும் இடமெல்லாம் ஒரு நூல் கட்டினேன். இறக்கத்தில் மரங்கள் நெருங்கி நின்றன, சருகு மெத்தையாகக் கிடந்தது. அடுத்த மேட்டின் உச்சியில் மகள் முதல்முறையாக என் கையை உதறிவிட்டு ஓடினாள். நாத்தனார் துரத்த, வழுக்கை விழுந்த பாறையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

சிரிப்பு இருமலாகியது. இருமல் நிற்கவில்லை. பிறகு அந்தச் சத்தம், தொண்டைக்குள் விசில் மாதிரி.

"பம்பு எங்க அண்ணி?"

"வண்டியில."

அவள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மரங்களுக்கு நடுவே பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், இடப்பக்கக் கிளையில் மஞ்சள் நூல் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பினோம். சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகு மற்றொன்று. "அதோ, அதோ" என்று நாத்தனார் கையைக் காட்டிக்கொண்டே முன்னால் போனாள். நூல்கள் நெருங்கி நெருங்கி வந்தன. இத்தனை நான் கட்டினேனா என்று ஒரு கணம் தோன்றியது. மகளின் விலா ஏறி இறங்குவது என் கையில் தெரிந்ததால் அந்த யோசனை அங்கேயே அறுந்தது.

மரங்கள் விலகின. எதிரில் ஒரு பெரிய வேப்பமரம். அடியில் மஞ்சள் பூசிய கல், அதற்குச் சின்னப் பாவாடை. கிளைகளில் மரத்தொட்டில்கள், எங்கு பார்த்தாலும் மஞ்சள் கயிறும் நூலும். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் வரும் வழியெல்லாம் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கைக்கெட்டியதைத் தொட்டுப் பார்த்தேன். பருத்தி, மஞ்சள்தூள் விரலில் ஒட்டியது. பட்டு நெய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், ஒன்றையாவது முன்பே தொட்டுப் பார்த்திருக்கலாம். கையில் பிள்ளை இருந்தது.

"திரும்பிப் போலாமா?" என்றேன்.

"இருங்க அண்ணி. வேண்டுதல் செலுத்தக் கைப்புள்ளையோட ஜனங்க வர இடம், வண்டிப் பாதை இல்லாமயா இருக்கும்?" மரத்தைச் சுற்றி ஓடிப் பார்த்தாள். பின்பக்கம் மண்ணில் டயர் தடம் குன்றைச் சுற்றிக்கொண்டு போனது. "நான் ஓடிப்போய் வண்டிய எடுத்தாரேன். தூக்காத, நடக்காத, இங்கயே உக்காருங்க." அவசரத்தில் மரியாதையும் மரியாதையில்லாததும் கலந்து வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நான் உட்கார்ந்தேன். மகளை மடியில் முன்பக்கம் சாய்த்துப் பிடித்தேன். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. மூக்கு விடைத்தது. "அம்மா" என்பதைக்கூட அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நாத்தனார் தப்பான திசையில் ஓடியிருந்தால்? வண்டிப்பாதை வேறு ஊருக்குப் போனால்? நானே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டுமோ? எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். போனை உயரப் பிடித்தேன். சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. "யாராவது இருக்கீங்களா" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் மகள் பயந்து அழ ஆரம்பித்தாள். அழுகைக்கும் மூச்சு வேண்டுமே. பிறகு கத்தவில்லை.

தலைக்கு மேல் தொட்டில்கள் காற்றில் ஆடின. கேட்டுக் கட்டியவர்கள் எத்தனை பேர். எனக்குக் கேட்காமலே கிடைத்தாள். கிடைத்தவளை, நானாகத்தான் கொண்டுவந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கல்லைப் பார்த்து என்னவோ சொன்னேன். வேண்டுதல் என்று சொல்ல முடியாது. "எடுத்துக்காத, எடுத்துக்காத" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் உதட்டில் நிறம் மாறுவது போலிருந்தது. நிழலாலா, உண்மையிலேயா என்று தெரியவில்லை. வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

ஹாரன் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள், காட்டையே விலகச் சொல்வது போல. வண்டி நிற்கும் முன்பே சீட்டைத் திறந்தாள். பம்பு சூடாகத்தான் இருந்தது. குழலில் மாட்டி மகள் முகத்தில் வைத்து அழுத்தினேன். மூச்சு, மூச்சு, மூச்சு. மறுபடி அழுத்தினேன். விசில் நிற்கவில்லை, ஆனால் இடைவெளி நீண்டது. ‘ம்மா’ என்றாள், உடையாமல்.

"வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றாள் நாத்தனார். அவள் பாதத்தில் முள் கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "நான் ஓட்டறேன். நீங்க புள்ளையப் புடிச்சிக்கங்க."

மகளை என் பக்கம் முகம் திருப்பி நடுவில் உட்காரவைத்தோம். வண்டிச் சத்தத்தில் அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. உள்ளங்கையை அவள் வாயருகே வைத்து, "மெழுகுவத்திய அணைக்கற மாதிரி ஊது" என்றேன். ஊதினாள். சூடாக, மெலிதாக, கையில் பட்டது.

"அணைஞ்சிடுச்சா?"

"இல்ல. இன்னொரு தரம்."

ஊதினாள். சாலை வந்தது, கடைகள் வந்தன. அவளுக்கு அலுத்துவிட்டது.

"இன்னும் ஊதணுமா?"

"ஊது கண்ணு. நிறுத்தாத."