இலவச டேட்டாபேஸும் அண்ணனின் ஜரிகைக் கணக்கும்

ஓசியில் கிடைக்கும் எதைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இருந்தும் எங்கள் பிழைப்பையே அப்படி ஒன்றின் மேல்தான் கட்டினோம்.

அப்பா சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருந்தார். நெசவாளிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, சேலையாகத் திரும்ப வாங்கும் கடை. சேலை வந்ததும் தராசில் வைப்பார்கள். எடை குறைந்தால் நெய்தவர் மேல் சந்தேகம் வரும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். அண்ணனுக்கு அது பொறுக்காது. எந்த டிசைனுக்கு எவ்வளவு ஜரிகை போகும், எவ்வளவு கழிவாகும் என்று வீடு வீடாகப் போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து ஒரு கணக்குப் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் கடையில் அந்தப் பார்வை நின்றது.

நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்த சமயம் அது. அவருடைய கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்றேன். அவரும் விடாப்பிடியாகக் கற்றுக்கொண்டு, கணக்குப் பகுதியைத் தன் கையாலேயே எழுதினார். விவரங்களைச் சேர்த்து வைக்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும். எழுதியவர்களே எல்லோருக்கும் திறந்துவைக்கும் ஓப்பன் சோர்ஸில் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. அதன் லைசென்ஸைப் படித்துப் பார்த்தேன். நம் கடைக்குள்ளேயே வைத்துப் பயன்படுத்துவதற்கு யாரிடமும் எதுவும் வாங்க வேண்டாம், வியாபாரத்துக்கே ஆனாலும் வேண்டாம். அது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை.

பிறகு பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். அண்ணன் பெருமையாக அவர் கம்ப்யூட்டரிலும் போட்டுக் கொடுத்தார். அடுத்து அந்தக் கடைக்காரரின் சம்பந்தி கேட்டார். அப்பாவுக்கு முடியாமல் போய்க் கடையை மூடியபோது, அதே இடத்தில் இதையே தொழிலாக நடத்த ஆரம்பித்திருந்தோம். எங்கள் ப்ரோகிராமையும் அந்த டேட்டாபேஸையும் ஒன்றாகச் சேர்த்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி விற்றோம். லைசென்ஸை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. ப்ரோகிராம் அதேதான், நாங்களும் அதே ஆட்கள்தான், எதற்குத் தோன்றப்போகிறது?

சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி எங்கள் ப்ரோகிராமை விலைக்குக் கேட்டது. பட்டு நெய்யும் ஊர்கள் எல்லாவற்றிலும் அதைக் கொண்டுபோய்ப் போடப்போவதாகச் சொன்னார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆரணியிலும் சேலத்திலும் தன் கணக்கை வைத்துச் சேலை எடை பார்ப்பார்கள் என்று அண்ணியிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் கருட சேவைக் கூட்டம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்தக் கம்பெனி அனுப்பிய பெண்ணோடு பேசினோம். எல்லாம் பேசி முடித்த பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் எந்த லைசென்ஸில் வருகிறது, வணிக லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்களா?

அப்போதுதான் எடுத்துப் படித்தேன். கடைக்குள் இருந்தவரை எந்தத் தடையும் இல்லை. வெளியாருக்குக் கொடுத்த அன்றே சங்கதி மாறிவிட்டது. அந்த டேட்டாபேஸோடு சேர்த்துக் கொடுத்தால் எங்கள் ப்ரோகிராமின் சோர்ஸ் கோடையும், அதாவது உள்ளே எழுதியிருப்பதையெல்லாம், வாங்குபவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். பூட்டித்தான் விற்பேன் என்றால் வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும். டேட்டாபேஸ் செய்தவர்களிடமே விலை கேட்டோம். வந்த பதிலைப் பார்த்துவிட்டு அண்ணன் ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இதைப் பிடுங்கிவிட்டு, கட்டுப்பாடு இல்லாத வேறொன்றை வைக்கலாம்தான். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், கம்பெனி அதுவரை காத்திருக்காது.

திறந்துவிடலாம் என்றேன்.

"நான் தறி தறியா போயி உக்காந்து போட்ட கணக்கும்மா இது. இத்த வச்சிக்கினு நாளைக்கு எவன் எவனோ கடை போடுவான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "அவங்க இன்னா உள்ள பூந்தா பாக்கப் போறாங்க? ஒண்ணும் பிரச்சினை இல்லன்னு எழுதிக் குடுத்துடும்மா" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய்யில் கையெழுத்துப் போடுவதற்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். அன்றே உள்ளதை உள்ளபடி கம்பெனிக்கு எழுதினேன். மிக மரியாதையாகக் கழன்றுகொண்டார்கள். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே அறை, எதிரெதிர் மேஜை, மதியம் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் மாடிக்குப் போய்விடுவார். நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அந்த நாட்களில் என் டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

ஏற்கெனவே விற்றதைச் சரிசெய்தாக வேண்டும் என்று அண்ணியின் மூலம்தான் சொல்லி அனுப்பினேன். என்னவோ செய்துகொள்ளட்டும் என்று பதில் வந்தது. வாங்கிய கடைகளுக்கெல்லாம் எழுதினேன். ப்ரோகிராமின் சோர்ஸ் கோடு இனி உங்களுக்கும் உண்டு, கேட்டால் அனுப்புகிறோம், மாற்றிக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருவர் ஃபோன் செய்தார், இதனால் பில் பிரிண்ட் ஆகாத கோளாறு சரியாகிவிடுமா என்று விசாரிக்க.

அண்ணன் மறுபடி பேச ஆரம்பித்ததே இதை வைத்துத்தான். "எத்தினி பேரு அள்ளிக்கினு போனாங்க?" என்று முதலில் குத்தலாகக் கேட்டார். கொஞ்ச நாளில் குத்தல் போய்விட்டது, கேள்வி மட்டும் மிஞ்சியது. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்ப்பார். இல்லை என்று நான் தலையாட்டினால் நல்லதாகப் போயிற்று என்பார். ஆனால் முகம் சுண்டிப்போகும். எவனோ திருடிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்த மனிதர், யாராவது எடுக்க மாட்டார்களா என்று ஏங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு நாள் அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். "ஒருத்தர் கேட்டாருண்ணா. அனுப்பிட்டேன்."

கம்பெனிக்குப் பொய் எழுத மாட்டேன் என்று குதித்தவளுக்கு இந்தப் பொய் தடுக்காமல் வந்தது. யார் என்று கேட்டார். ஆரணிப் பக்கம், பெயர் போடவில்லை என்றேன். "எடுத்துக்கட்டும்" என்றார். பிறகு, "அந்தக் கழிவுக் கணக்குல ஒரு எடத்த கொழப்பமா எழுதி வச்சிருக்கேன், அவருக்குப் புரியாது. சரி பண்ணித் தரேன், அனுப்பிடு" என்றார்.

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், எதற்காக அப்படிப் போட்டிருக்கிறது என்று பொறுமையாக எழுதிக்கொண்டு வந்தார். முடித்துக் கொடுத்தார். அனுப்பிவிட்டேன் என்றேன்.

நேற்று காலை, அந்த ஆரணிக்காரர் ஏதாவது பதில் எழுதினாரா என்று அண்ணன் கேட்டார்.