நோயின் பெயரைச் சொல்லச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் என்ன எழுத வேண்டும் என்பதை அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "நான் போனப்புறம் போட்டோ போட்டு பொஸ்தகம் அடிப்பீங்க இல்ல, அதுல 'உடல்நலமின்றி'ன்னு போடாத. நோவு பேரைப் போடு. படிக்கிறவங்கள்ல யாருக்கு இன்னா கீதோ, நமக்கு இன்னா தெரியும்?" என்றார். ஆகவே எழுதுகிறேன். என் அக்காவுக்கு வந்தது மலக்குடல் புற்றுநோய்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பம் ஒன்றில் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அப்பா கடலில் தவறியபோது அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அதோடு படிப்பை விட்டு அம்மாவுடன் மீன் விற்கப் போனார். தங்கையான என்னைப் படிக்க வைத்ததும், கட்டிக் கொடுத்ததும் அவர்தான். பிறகு மாமாவை மணந்தார். மாமா படகில் போய்க் கொண்டுவருவதை அக்கா விற்பார். இரண்டு பிள்ளைகளை அப்படித்தான் ஆளாக்கினார்கள்.

மலத்தில் ரத்தம் பட்டபோது, எல்லோரையும் போல அக்காவும் மூலம் என்றே நினைத்தார். துத்தி இலையை வதக்கித் தின்றார். காரத்தை விட்டார். ரத்தம் நிற்கவில்லை, உடம்பும் இளைத்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு மருத்துவர் நோயைச் சொன்னார். கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தது. அந்த வழியையே மூடிவிட்டு, வயிற்றில் வேறு வழி வைத்து, அதன்மேல் மலம் சேர ஒரு பை ஒட்ட வேண்டும். அந்தப் பை ஆயுசுக்கும் இருக்கும்.

அன்றிலிருந்து என் கைப்பேசியில் தேடாத நேரமில்லை. ஒரு வீடியோவில் இலைச்சாறு குடித்தால் போதும் என்றார்கள். இன்னொன்றில் கத்தி பட்டால் பரவிவிடும் என்றார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பயம்தான் வளர்ந்தது. அக்கா கைப்பேசியைத் தொடவே இல்லை. வார்டில் இருந்த சிஸ்டரிடம் நேராகக் கேட்டார்.

"இந்தப் பை வச்சிகினு நல்லா நடமாடுற ஒருத்தரைக் காட்டுங்க சிஸ்டர். பாத்துட்டு கையெழுத்து போடறேன்."

அந்த சிஸ்டர் அலட்சியம் செய்யவில்லை. அடுத்த வாரமே அணுபுரத்திலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலையில், பேருந்தில் வந்து இறங்கிய அம்மா. அக்காவுக்கு எதிரே நின்று, "எனக்கு எந்தப் பக்கம் பை இருக்குன்னு சொல்லும்மா" என்றார். அக்கா மேலும் கீழும் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றே கையெழுத்துப் போட்டார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தொடக்கம் கடினமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் வியர்த்து, பை ஒட்டாமல் கழன்றுவிடும். அக்கா உடனே அணுபுரத்து அம்மாவைக் கூப்பிடுவார். தோலை ஈரமில்லாமல் துடைத்து ஒட்டுவது, எதைத் தின்றால் காற்று சேரும் என்பது எல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. சில மாதங்களில் அக்கா மீண்டும் சந்தையில் உட்கார்ந்தார். கனம் தூக்கக் கூடாது என்பதால் கூடையை மாமா சுமந்து வந்து வைப்பார். வாடை வருமோ என்று நான் தயங்கியபோது, "மீன்காரிகிட்ட வேற இன்னா வாசனை வரும்? சும்மா கெட" என்று சிரித்தார்.

பிறகு, பை வைக்கப் பயப்படுபவர்களிடம் பேச சிஸ்டர் அக்காவையே அழைக்க ஆரம்பித்தார். ஒருமுறை படாளத்தில் கரும்பு பயிரிடும் ஒரு அண்ணன், பை வைக்க மாட்டேன், செத்தாலும் பரவாயில்லை என்று ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினார்.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா அவரிடம் போகவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அவர் மனைவியின் கையைப் பிடித்தார். "நீங்க தூங்கி எவ்ளோ நாளாச்சு அண்ணி?" அவ்வளவுதான் கேட்டார். அந்த அண்ணி அப்படியே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே இருந்தார். பிறகு அடுப்பில் இருந்த சோற்றைப் போட்டுச் சாப்பிட வைத்தார்.

அப்புறம்தான் அண்ணனிடம் வந்தார்.

"நாலு பேர் மத்தியில அதைக் கட்டிகினு எப்படி போறதுமா?" என்றார் அவர், திரும்பாமலே.

"இந்தப் பக்கம் பாருங்கண்ணா."

அவர் திரும்பினார். அக்கா சேலையை விலக்கித் தன் வயிற்றில் இருந்த பையைக் காட்டினார். முன்பின் தெரியாத ஆணின் முன்னால், பகல் வெளிச்சத்தில் அப்படி நின்றார். என் அக்கா எவ்வளவு பெரிய மனுஷி என்று அந்த நொடியில்தான் கண்டேன்.

அவர், "தொட்டா வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்காதுண்ணா. பழகறதுதான் கஷ்டம். பொய் சொல்ல மாட்டேன்."

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். அதன் பிறகு செய்யூர்ப் பக்கம், மதுராந்தகம் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ அழைப்புகள் வந்தன. மருந்தைப் பற்றிக் கேட்டால், "அது டாக்டர் சொல்லணும், போய்க் கேளுங்க, பயந்தா நான் கூட வரேன்" என்பார். அழைத்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள். அவர்களிடம்தான் அக்கா அதிகம் பேசினார்.

நோய் கல்லீரலில் மீண்டும் வந்தது. அக்கா மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லும்படி கேட்டார். கேட்டுவிட்டு மாமாவைப் பார்த்து, "வா, வூட்டுக்குப் போலாம்" என்றார். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். குரல் தேயும்வரை அழைப்புகளுக்குப் பதில் சொன்னார். ஒரு காலை, மாமாவின் மடியில் தலை வைத்தபடி அடங்கினார்.

அக்காவைத் தாங்கிய மருத்துவர்களுக்கும், அந்த சிஸ்டருக்கும், அணுபுரத்து அம்மாவுக்கும், கடைசி மாதங்களில் படகுக்குப் போகாமல் உடனிருந்த மாமாவுக்கும், சோறு பொங்கிக் கொண்டுவந்த எங்கள் தெருவுக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அக்காவை எடுக்கும் நேரத்தில் ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம் தெருவில் வந்து நின்றது. முன்னால் படாளத்து அண்ணனும் அண்ணியும். எங்கள் பெரியப்பாவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை.

"நீங்கள்லாம் எந்த வழில சொந்தம்?" என்று கேட்டார்.

அண்ணன் ஊரே கேட்கும்படி சொன்னார். "பை வச்ச வழில சொந்தம் பெரியவரே."

பெரியப்பா நகர்ந்து வழிவிட்டார்.

"அப்போ வரிசைல வாங்க. வாய்க்கரிசி போடுங்க."