பாவு பிடித்த கல்யாண வீட்டார்

போன ஐப்பசியில், ஆரணியில் எங்கள் தெருவில் நடந்தது இது. அன்று காலை எங்கள் பாவுக்கு நின்றவர்கள்: என் கணவர், நான், என் நாத்தனார், அவர் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அக்கா. ஐந்தே பேர். பத்துப் பேராவது நிற்க வேண்டிய வேலை. மற்றவர்களை வேண்டாம் என்றது நான்தான்.

நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். சேலையில் நீளவாக்கில் ஓடும் இழைகளைத்தான் பாவு என்போம். தறியில் ஏற்றும் முன் அதைத் தெருவில் நீளமாக விரித்து, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, உருளையில் சுற்றி எடுக்க வேண்டும். தரையில் படாமல் இருக்க, இடையிடையே கழி கொடுத்து ஆட்கள் தூக்கிப் பிடிப்பார்கள். இதற்குக் கூலி கிடையாது. இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு நீங்கள், நாளைக்கு உங்கள் வீட்டுக்கு நாங்கள். ஆனால் வந்தவர்களுக்கு வயிறு நிறைய டிபனும் டீயும் பாவு வீட்டார் தர வேண்டும்.

அந்த டிபனில்தான் நான் கை வைத்தேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணக்கு மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். காஸ் தீர்ந்துவிடுமோ என்று தினமும் சிலிண்டரை அசைத்துப் பார்ப்பேன். பாலைக் குறைத்தேன். சோறு, பருப்பு, காய் எல்லாம் ஒரே குக்கரில். அந்த மாதம் மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பத்துப் பேருக்கு இட்லியும் வடையும் என்று நினைத்தாலே தூக்கம் போய்விட்டது.

"இன்னா மே, அஞ்சு பேரு எப்டி பத்தும்? மானம் வேற மூடிகினு கீது" என்றார் கணவர்.

"நானே ரெண்டு கழி புடிக்கிறேன், வாங்க" என்றேன்.

நான் வேண்டாம் என்றுவிட்டதால் தெருக்காரர்கள் வேறொரு தெருவில் ஒரு பாவுக்குப் போய்விட்டார்கள்.

முந்தின நாள் மழையில் தெரு சேறாகக் கிடந்தது. பாதி வேலையில் காற்று கிளம்பியது. நடுவில் பிடிக்க ஆளில்லாமல் பாவு தொய்ந்தது. நான் ஒரு கழியைத் தூக்கினால் இன்னொன்று இறங்குகிறது. தூறலும் ஆரம்பித்தது. அந்தப் பட்டு எங்களுடையது இல்லை, முதலாளி கொடுத்தது. மூன்று சேலைக்கானது. சேற்றில் விழுந்தால் கூலியில்தான் பிடிப்பார். பிறகு மகளுக்கு எதைக் கட்டுவது?

"டிபன மிச்சம் புடிக்கப் போயி பாவையே வுடப் போறியேடி!" என்று அந்தக் கோடியிலிருந்து அக்கா கத்தினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. வழி இல்லை என்று டிரைவர் வண்டியைத் திருப்பப் பார்த்தார். உள்ளே இருந்த ஒரு அம்மா அவரை அதட்டினார்.

"வண்டிய எங்க திருப்புற? நூலு சேத்துல வுழப் போவுது, கண்ணு தெரில? எறங்குங்க எல்லாரும், ஜல்தி!"

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் அவர்கள். அந்த அம்மா, அவர் கணவர், தம்பி, கல்யாணப் பெண். நான்கு பேரும் இறங்கி ஓடிவந்தார்கள். பின்னாலேயே டிரைவரும் வந்தார்.

"நூலத் தொடாதீங்க, கழிய மட்டும் புடிங்க!" என்று கத்தினேன்.

அந்த அம்மாவின் கணவர் விவசாயி. கழியை இறுக்கிப் பிடித்து இழுத்தார்.

"மாட்டுக் கயிறா அது? கொழந்தயத் தூக்கற மாதிரி தூக்குய்யா" என்றார் அந்த அம்மா.

பெண்ணுக்கு முதல் நாள்தான் நிச்சயமாம். "அம்மா, கையெல்லாம் மருதாணி. நூல்ல ஒட்டிக்கினா?" என்றாள் பயந்துபோய்.

"ஒட்டிக்கினா இதையே நெய்யச் சொல்லி நாமளே வாங்கிக்கலாம். கடைக்குப் போற வேல மிச்சம், நீ புடி."

அந்தக் கலவரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் கணவர் உருட்ட உருட்ட, கழி பிடித்தவர்கள் ஒவ்வொரு அடியாக அவரை நோக்கி நகர்ந்தார்கள். டிரைவர் ஆட்டோவின் மழைத் திரையை அவிழ்த்து உருளைக்கு மேல் பிடித்துக்கொண்டார். பாவை வீட்டுக்குள் கொண்டு போய்ச் சேர்க்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒரு இழைகூடச் சேற்றில் படவில்லை.

தறி பாதி அடைத்துக்கொண்ட எங்கள் வீட்டில் அத்தனை பேரும் ஈரத்தோடு நின்றோம். எனக்கு அடுத்த பயம் வந்துவிட்டது. சட்டியில் இருப்பது ஐந்து பேருக்கான இட்லி. வந்தவர்களைப் பசியோடு அனுப்புவதா? சட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் நான் முழித்துக்கொண்டு நின்றதை அந்த அம்மா பார்த்துவிட்டார் போல. ஒயர் கூடையிலிருந்து பெரிய தூக்கை எடுத்துத் திறந்தார். புளிசோறு.

"கட்டிகினு வந்தத எங்க குந்தி சாப்புடறதுன்னு பேஜாரா இருந்திச்சி. உங்க வூடு கெடச்சிது. தட்டு எடும்மா" என்றார்.

என் இட்லியும் அவர்கள் புளிசோறும் எல்லோர் தட்டிலும் விழுந்தன. எங்கள் வீட்டுப் பாவுக்குக் கை கொடுத்தவர்கள் எங்களுக்கே பரிமாறினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "காரமா கீதா?" என்றார் அந்த அம்மா. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மழை விட்டதும் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஊர் எது, போன் நம்பர் என்ன என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மகளுக்கு அந்த மாதமே பணம் கட்டிவிட்டோம்.

சில நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் அந்த டிரைவரைப் பார்த்தேன். அன்றைக்கு அவ்வளவு நேரம் காத்திருந்ததற்கு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"அதுக்குத்தான் அந்தம்மா தனியா நூறு ரூபா குடுத்துட்டாங்களே. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க" என்றார்.

இப்போதும் நான் சிக்கனக்காரிதான், பயமும் போகவில்லை. ஆனால் பாவு என்றால் தெரு முழுக்கப் போய்க் கூப்பிட்டுவிட்டு வருகிறேன். யார் வீட்டுப் பட்டு என்றுகூடத் தெரியாமல் சேற்றில் இறங்கித் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நான் பட்ட கடனைக் கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரை, அந்த அம்மாவுக்கு நான் தர வேண்டிய பாக்கி நூறு ரூபாய்.