இடிக்கு வேண்டிய இயர்பிளக்

இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அவளுக்கு 'இடி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு கச்சேரி முடிந்ததுமே காதுக்குள் கீச்சென்று இரைவது போலிருந்ததால், மருந்துக்கடையில் காதை அடைக்கப் பஞ்சு மாதிரி ஒரு ஜோடி இயர்பிளக் வாங்கிச் செருகினாள். டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் சத்தம் அடியோடு மங்கியது. கேட்கவில்லையே என்று இன்னும் ஓங்கி அடித்தாள்.

"சிம்பல் உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றான் கிட்டார் வாசிக்கும் அண்ணன். "காதை அடைச்சுக்கிட்டு எவளாவது வாசிப்பாளா? தூக்கிப் போடு."

"காது என்னோடது. நான் பாத்துக்கறேன்."

நேரே காது பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். "எல்லாச் சத்தமும் ஒரே அளவு குறையணும். எதுவும் காணாமப் போகக்கூடாது," என்று கறாராகச் சொல்லி, காதுக்கு அச்செடுத்து ஒரு ஜோடி செய்துகொண்டாள்.

அடுத்த ஒத்திகையில் சிம்பல் தெளிவாகக் கேட்டது. கை தானாக அடங்கியது. பாட்டு முடிந்ததும் அதே கீச்சொலி. இயர்பிளக்கைக் கழற்றினாள். சத்தம் கூடியது. அப்படியானால் இது தன் காதுக்குள் இல்லை.

"அண்ணே, உன் ஸ்பீக்கர் பெட்டி கீச்சுன்னு கத்துதே, சரி பண்ண மாட்டியா?"

அண்ணன் குனிந்து பெட்டியில் காதை வைத்தான்.

"ஒண்ணும் கேக்கலையேடி."

கீச்சொலிக்கு முகம் சுளித்திருந்த குழுவின் பாடகி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இடி குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"கிளம்பு அண்ணே. அந்தக் காது பரிசோதனை நிலையம் இன்னும் திறந்துதான் இருக்கும்."