கவுன்சிலர் குடம்

காலிப் பிளாஸ்டிக் குடங்கள் கடற்காற்றில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் 'டொக் டொக்' சத்தம் எங்கள் தெருவில் பகல் இரண்டு மணிக்கே தொடங்கிவிடும். தண்ணீர் லாரி மூன்றுக்கு வந்தாலும் வரும், ஐந்துக்கு வந்தாலும் வரும், வராமலே போனாலும் கேட்க நாதியில்லை. தண்டையார்பேட்டையில் கிடங்குகளுக்குப் பின்னால், லாரி உள்ளே வந்தால் சைக்கிள்காரன் கூட இறங்கி ஓரமாக நிற்க வேண்டிய தெரு அது. அடிபம்பை அடித்தால் மண்ணெண்ணெய் வாடையோடு மஞ்சளாக ஏதோ வரும்; அதைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் லாரிதான்.

லாரிக்காக வைக்கும் குட வரிசையை நாங்கள் 'லைன்' என்போம். அந்த லைனுக்கு ஒரு சட்டம் உண்டு. எறா உரிக்கப் போனவளோ, பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனவளோ, ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவள் குடத்தைப் பின்னால் நிற்பவள் காலால் தள்ளித் தள்ளி முன்னே கொண்டுபோக வேண்டும். "ஆளு இல்லேன்னாலும் கொடம் நவுரும்" என்பார்கள். லைனில் வைத்த குடத்தை வெளியே எடுக்க எவருக்கும் உரிமை கிடையாது. தண்ணீர்ச் சண்டையில் முடியைப் பிடித்து உருண்டவர்கள் கூட எதிரியின் குடத்தைத் தள்ளிவிட்டுத்தான் மறுபடி சண்டைக்குப் போனார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கவுன்சிலர் அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர். பெயரைச் சொல்ல எனக்கொன்றும் பயமில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்றுதான் விடுகிறேன். ஓட்டுக் கேட்டு வந்தபோது, ஆறே மாதத்தில் தெருவுக்குக் குழாய் என்று எங்கள் வாசலில் நின்று சொன்னார். ஜெயித்தார். இரண்டு தெரு தள்ளி, ஆழமாகப் போர் போட்டுத் தொட்டி கட்டிய வீட்டுக்குக் குடிபோனார். மூன்று வருடம் ஓடியது. எப்போது கேட்டாலும் "மேல சொல்லிக்கிறேம்மா" என்ற ஒரே பதில். ஒரு கொடியேற்றும் விழாவில் மைக்கைப் பிடித்து, "நானும் உங்க லைன்ல கொடம் வெச்சவன்தான், எப்பவும் உங்கள்ல ஒருத்தன்தான்" என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். காசிமேட்டு மீன் துறைமுகத்தில் எறா உரித்து விரலெல்லாம் வெடித்துப்போன எங்கள் அம்மா மட்டும் தட்டவில்லை.

"அப்டியா? நம்பள்ல ஒருத்தருன்னா அவுரு கொடம் எங்க கீது?" என்றாள்.

மறுநாளே ஒரு நீலக் குடத்தை என் முன்னால் வைத்தாள். எனக்குப் பதினொரு வயது. தெருவிலேயே முத்து முத்தாக எழுதுகிறவள் என்று எனக்கொரு பெயர், அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. வெள்ளைப் பெயிண்டில் குச்சியைத் தோய்த்து அவர் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "பேரு எய்தாத. இன்னிக்கி இவுரு, நாளிக்கி இன்னொருத்தரு. வேலய எய்து." 'கவுன்சிலர்' என்று எழுதினேன். இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தும் நெருக்கியடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டன.

அன்று முதல் அந்தக் குடமும் லைனில் நகர்ந்தது. லாரி வரும்வரை எங்களுக்கு வேறென்ன வேலை? அந்தக் குடத்துக்கு இன்று தண்ணீர் பிடிப்பதா வேண்டாமா என்று தினமும் வாதம் நடக்கும். நிரப்பினால் அந்தத் தண்ணீர் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும் என்று பேச்சு. தெருவிளக்கு எரிந்த வாரம் அரைக் குடம் கிடைத்தது. குப்பை வண்டி வந்த நாள் கால் குடம். மற்ற நாட்களெல்லாம் காலிதான்.

கவுன்சிலர் பக்கம் பேச ஓர் ஆள் உண்டு, எதிர்வீட்டு மும்தாஜக்கா. அக்காவின் வீட்டுக்காரர் வண்ணாரப்பேட்டையில் பொத்தான் கடை வைத்திருந்தார். "எங்க வூட்டுக்காரு காலு ஒடஞ்சி கெடக்க சொல்ல ராவும் பகலும் ஆஸ்பத்திரில கூட நின்னாரு அந்தப் புள்ள. நன்றி மறந்தா அல்லா கேப்பான்" என்பார்.

"நின்னாரு, இல்லேங்கல" என்பாள் அம்மா. "அது மனுசன் செய்ற வேலக்கா. கவுன்சிலர் வேல இன்னா ஆச்சி? அத்த சொல்லு."

இதைவிட நேர்மையான விவாதத்தை நான் பிற்காலத்தில் எந்தத் தொலைக்காட்சியிலும் பார்க்கவில்லை. அடித்துச் சொல்கிறேன்.

விஷயம் அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு நாள் அவருடைய அல்லக்கை ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான். லைனைப் பார்த்தான். கவுன்சிலர் குடத்தை ஓங்கி உதைத்தான். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. அம்மா இறங்கிப்போய் அதை எடுத்தாள். வீட்டில் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு சொம்பு கொண்டுவந்து கழுவினாள். இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"இந்தக் கொடம் கீற வரிக்கும் இந்தத் தெருவுக்கு லாரி வராது" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

வரவில்லை. முதல் நாள் பக்கத்துத் தெருவில் கெஞ்சி வாங்கினோம். இரண்டாம் நாள் அங்கேயும் கதவைச் சாத்தினார்கள். நான் முகம் கழுவாமல் பள்ளிக்கூடம் போனேன். உப்பும் எறா முள்ளும் அறுத்த கையைக் கழுவ நல்ல தண்ணீர் இல்லாமல் அம்மா அதைப் புடவையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உன் வீம்புக்கு எங்க புள்ளிங்கோ காயணுமா செல்வி?" என்று அம்மாவோடு சிரித்துப் பேசியவர்களே அவளைக் கேட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு வந்த அப்பா, "கவுன்சிலர பகச்சிக்கினு வார்டுல குடித்தனம் பண்ண முடியுமா? தூக்கிப் போட்ரு" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. எங்கள் ஒரு குடத்தால் ஒரு தெருவே தாகத்தில் கிடந்தது.

மூன்றாம் நாள் அம்மா அழுதுகொண்டே லைனுக்குப் போனாள். கவுன்சிலர் குடத்தின் கழுத்தில் கை வைத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, அவள்மேலும்தான்.

"வெய்யி கீய" என்று ஒரு குரல் கேட்டது. மும்தாஜக்கா. "லைன்ல கீற கொடத்த எட்க்க யாருக்கும் ரைட்டு இல்ல. உனுக்குந்தான். இத்தினி நாளு அவுருக்காவ பேசுனவ நானு. புள்ளிங்கோ குடிக்கிற தண்ணிய நிறுத்துனாரு பாரு, இனிமே எந்த மூஞ்ச வெச்சிக்கினு பேசுவேன்? வாங்கடி, நேரா போயி கேப்போம்."

கவுன்சிலர் குடத்தை மும்தாஜக்காவே இடுப்பில் தூக்கிக்கொண்டார். லைனில் யார் யார் எந்த இடமோ அதே வரிசையில் அவரவர் குடத்தோடு நடந்தோம். ஒருத்தியும் கோஷம் போடவில்லை. கவுன்சிலர் வீட்டு கேட்டில் தொடங்கித் தெருமுனைவரை குடங்களை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். முதல் குடம் அவருடையது.

கவுன்சிலர் பனியனோடு வெளியே வந்தார். "இன்னாக்கா இது, வூட்டாண்ட வந்து அசிங்கப்படுத்திகினு?"

"லைனு இங்க வந்துட்சி தம்பி. மொத கொடம் உன்துதான்" என்றார் மும்தாஜக்கா.

அம்மா எழுந்து நின்றாள். "ஆறு மாசம்னீங்க. மூணு வருசம் ஆச்சி. மேல சொல்லிக்கிறேன்னீங்க. யாராண்ட சொன்னீங்க? அவுங்க இன்னா சொன்னாங்க? அத்த மட்டும் சொல்லிடுங்க, கொடத்த எட்த்துகினு நாங்க போய்க்கினே இருப்போம்."

அவர் எங்களைப் பார்க்கவில்லை, குடத்தையே பார்த்தார். நெருக்கியடித்து எழுதிய என் எழுத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இன்னும் எய்தியே குடுக்கல. மறந்துட்டேன்."

திருடிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்போம். மறந்துவிட்டேன் என்றாரே, அதில்தான் எங்களுக்கு வயிறு எரிந்தது. மும்தாஜக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "நீ எய்துடி" என்றார். அந்த வாசற்படியில் உட்கார்ந்து, கணக்கு நோட்டில் தாளைக் கிழித்து, எங்கள் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்ற மனுவை நான் எழுதினேன். கவுன்சிலர் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே லாரி வந்தது. அவர் குடத்துக்கு என்ன செய்வது என்று அப்போதும் வாதம் நடந்தது. உண்மையைச் சொன்னதற்காக அரைக் குடம் என்று முடிவாயிற்று.

குழாய் வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். மும்தாஜக்கா அவருக்குத்தான் ஓட்டுப் போட்டதாகத் தெருவில் நின்று சொன்னார், அம்மா சிரித்தாள்.

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. லைன் இல்லை, லாரிக்காகக் காத்திருந்து வாயாடிய பெண்களும் இல்லை. லாரியை நினைத்து எனக்கொன்றும் ஏக்கமில்லை, அது ஒழிந்ததே நல்லது. ஆனால் கேட்கிற இடமும் அதோடு போய்விட்டது. மழைநீர்க் கால்வாய்க்கென்று தெருவைத் தோண்டிப் போட்டு ஒரு வருடமாகிறது. வார்டுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் எல்லாரும் கவுன்சிலருக்குக் கைகூப்பும் பொம்மை போடுகிறார்கள். பள்ளத்தை எப்போது மூடுவீர்கள் என்று போன வாரம் கேட்டேன். அரைமணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். மும்தாஜக்கா இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

மூட்டு வலியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "அந்தக் கொடம் எங்க கீது?"

பரணில் இருந்தது. நீலம் வெளுத்திருக்கிறது, விளிம்பில் ஒரு கீறல், எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் வார்டுக் கூட்டம். முன்வரிசையில் முதல் நாற்காலியில் அதைத்தான் வைக்கப் போகிறேன். பெயர் மாற்றி எழுதும் வேலையும் எனக்கு இல்லை. லைனில் வைத்த குடத்தை எடுக்க எவருக்கும் உரிமை கிடையாது.