மாட்டுப் படம் போட்ட டின்

சுங்கை வேயில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சோப்புச் செய்கிறாளாம். போன வாரம் ஒரு கட்டியைச் சணல் கயிற்றில் கட்டி, மேலே ஒரு காய்ந்த பூவையும் செருகி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆன்டி, எல்லாம் நேச்சுரல். தேங்கா எண்ணெய்தான். மாட்டுக் கொழுப்பெல்லாம் கிடையாது லா, பயப்படாம குளிங்க" என்றாள். நல்ல பெண், நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அந்த ஒரு வார்த்தை உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "யாரும்மா பயந்தா? பயந்தவளுங்க என்ன செஞ்சாளுங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். அது திருதிருவென்று முழித்துவிட்டுப் போய்விட்டது. மருமகள் உள்ளேயிருந்து வந்து, "அத்தை, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள். போட்டேன். மாத்திரைக்கு அடங்குகிற கோபமா இது?

அவள் போனபிறகு சோப்பை முகர்ந்து பார்த்தேன். சந்தனம் ஏதோ கலந்திருந்தாள். அந்தக் காலத்தில் ஆரோக்கியம் அக்கா காய்ச்சிய சவுக்காரத்தில் சந்தனமும் கிடையாது, பூவும் கிடையாது. கொஞ்சம் அடுப்புப் புகை வாசம், கொஞ்சம் தேங்காய் வாசம், அவ்வளவுதான். அன்றைக்கு நாங்கள் சோப்பு என்று சொல்லமாட்டோம், சவுக்காரம் என்போம். துணிக்கும் அதுதான், தலைக்கும் அதுதான், பிள்ளை குளிப்பாட்டவும் அதுதான்.

நான் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயனுக்கு, வேலைக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளுக்கு, வந்தவள். என் வீட்டுக்காரர் பாயிண்ட்ஸ்மேன். ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்று முடிவு செய்கிற மனிதர். வீட்டில் அவர் அம்மா காட்டிய தண்டவாளத்தில்தான் போவார். எங்களுக்குப் பக்கத்து வீடு ஆரோக்கியம் அக்காவுடையது. அவர்கள் வேதக்காரர்கள். அவள் புருஷன் சூசை அண்ணன் இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற பயர்மேன். லயன் முழுக்க அம்மன் கும்பிடுகிறவர்கள், இரண்டு மூன்று வீடுகள் மட்டும் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். ஒரே குழாயடிதான், ஒரே சண்டைதான், நல்லது கெட்டது எல்லாம் பொது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சவுக்காரம் செய்ய முதலில் சாம்பல் வேண்டும். நாங்கள் எல்லாரும் பாக்காவ் விறகு எரித்தோம். கடலோரச் சதுப்பிலிருந்து வெட்டி வருகிற விறகு, நின்று எரியும், சாம்பல் மாவாக விழும். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புச் சாம்பலை ஒரு சட்டியில் சேர்த்து வைப்போம். சாயங்காலம் ஆரோக்கியம் அக்கா வாளியோடு வருவாள். வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டாள், வெள்ளிக்கிழமை எங்கள் வீடுகளிலிருந்து சாம்பல்கூட வெளியே போகாது என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே பார்த்து நடந்துகொண்டாள். சாம்பல் கொடுத்த வீட்டுக்குச் சவுக்காரம் திரும்பி வரும். மிச்சத்தை விற்பாள்.

அடியில் ஓட்டை போட்ட வாளியில் தேங்காய் நார் அடைத்து, சலித்த சாம்பலைக் கொட்டி, மேலே மழைத்தண்ணீர் ஊற்றுவாள். கீழே சட்டியில் தேநீர் நிறத்தில் சொட்டும். அந்தத் தண்ணீரில் கோழி இறகை முக்கி எடுப்பாள். இறகு கரைந்து நடுக்குச்சி மட்டும் நின்றால் காரம் சரி. பிறகு தேங்காய் எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கஞ்சிப் பதம் வந்ததும் உப்பை அள்ளிப் போட வேண்டும், அப்போதுதான் இறுகும். நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். கிண்டிக்கொண்டே வாயாடியதில் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. என் மாமியார் அதை ஒரு மாதம் சொல்லிக் காட்டினார்.

சூசை அண்ணன் ஒரு நாள் பெரிய ஆள் மாதிரி ஒரு சாக்கு சாம்பலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "எதுக்கு வீடு வீடா அலையுற? இன்ஜின்ல மலையா கெடக்கு" என்றார். ரயில்வேக்காரன் புத்தி! இன்ஜின் விறகில் ஓடிய காலமென்றால் சரி. அப்போது ஓடியது நிலக்கரியில். கரிச்சாம்பலில் காரம் எங்கே இருக்கிறது? கறுப்புத் தண்ணீர்தான் வந்தது. இறகை முக்கினால் இறகு கறுத்ததே தவிரக் கரையவில்லை. ஆரோக்கியம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் கடைசி.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்த காலம் அது. ரயிலில் ஏற்றச் சரக்கு இல்லையென்று ரயில்வேயிலும் குறைத்தார்கள். அந்தப் பட்டியலில் சூசை அண்ணன் பேர் வந்துவிட்டது. வேலை போனால் லயன் வீடும் போகும். பிழைக்க வழி இல்லாதவன் கப்பலுக்குப் பேர் கொடுக்கலாம், ஊருக்கு இலவசமாக அனுப்பிவைப்போம் என்றது வெள்ளைக்காரன் ஆபீஸ். என்ன தாராளம் பாருங்கள்! உழைக்க வேண்டுமென்றபோது கூட்டிவந்து, வேண்டாமென்றபோது ஏற்றி அனுப்புகிற தாராளம்.

"ஊருன்னா எந்த ஊரு?" என்று ஆரோக்கியம் அக்கா என்னிடம் கேட்டாள். "நான் பொறந்தது கிள்ளான்ல. என் ஆத்தா அப்பன பொதைச்சது கிள்ளான்ல. அவரு ஊருல தண்ணியே கெடையாதாம். அங்க போயி நான் யாரத் தெரியும்னு நிப்பேன்?" அவளிடம் ஒரு யோசனை இருந்தது. சீனத் தச்சர் பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை பேசி வைத்திருந்தாள். சவுக்காரத்தை நிறையச் செய்து லயன் வீடுகளுக்கும், ஆற்றங்கரையில் துணி வெளுக்கிறவர்களுக்கும், மாதா கோவில் குடும்பங்களுக்கும் கொடுத்தால் அறையை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். சவுக்காரம் விற்றால் இங்கே, விற்காவிட்டால் கப்பல். அவ்வளவுதான் அவள் நிலைமை. அது லயனில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள்.

நிறையச் செய்ய நிறையப் பாத்திரம் வேண்டுமல்லவா? மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றினால் நாற்றம் போகாது. அவள் தம்பி ஒரு துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தான். அங்கே காலியான பெரிய வெண்ணெய் டின்களைக் கொண்டுவந்து கொடுத்தான். டின்னைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்து, நடுவில் கொம்போடு ஒரு மாட்டுத் தலை. அக்கா அந்த டின்களைப் பளபளவென்று தேய்த்து, அவற்றில் சவுக்காரத்தை ஊற்றி ஆறவைத்தாள்.

மண்டோர் பெண்சாதி பாக்கியத்தம்மா என்று ஒருத்தி லயனில் இருந்தாள். புருஷன் தண்டவாள வேலைக்காரர்களை மேய்க்கிற மண்டோர், கங்காணி மாதிரி, இவள் எங்களுக்கெல்லாம் மண்டோர். ஆடித் திருவிழாவுக்கு அம்மன் திரையை வெளுத்துக் கொடுத்தவள் அவள்தான், ஆரோக்கியம் அக்கா சவுக்காரத்தைப் போட்டுத்தான் வெளுத்தாள். திருவிழா முடிந்த கையோடு அவள் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. ஆத்தாளுக்கு என்ன குறை வைத்தோம் என்று அவள் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஆரோக்கியம் அக்கா வீட்டுப் பின்பக்கம் வெயிலில் வரிசையாக நின்ற டின்கள் கண்ணில் பட்டன. டின்னுக்குள்ளே வெள்ளையாக உறைந்து நிற்கிறது, வெளியே மாட்டுத் தலை.

அவ்வளவுதான், குழாயடியில் பற்றிக்கொண்டது. "மாட்டுக் கொழுப்புடி! ஆத்தா திரையில மாட்டுக் கொழுப்பத் தேச்சிருக்கேன் நான்!" என்று பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு வந்த பயம் அது, எனக்குப் புரியாமலில்லை. ஆனால் பயந்தவள் பிள்ளைக்கு வேப்பிலை பறிக்கப் போக வேண்டியதுதானே! லயன் பெண்கள் எல்லாரும் அவள் பின்னால் திரண்டு வந்து, சவுக்காரத்தைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். ஆரோக்கியம் அக்கா வாசலில் நின்று, "தேங்கா எண்ணெ அக்கா, நீங்க குடுத்த சாம்பல் அக்கா" என்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்த கிராணியை நானே போய்க் கூட்டிவந்தேன். அவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, வெண்ணெய் என்றுதான் போட்டிருக்கிறது என்றார். "எழுத்து என்ன வேணாலும் சொல்லும். படம் பொய் சொல்லுமா?" என்றாள் பாக்கியம். "அப்ப உன் பிள்ளைக்குக் கரைச்சு ஊத்துறியே பால் டின்னு, அதுல என்ன படம் இருக்கு? அதுவும் மாடுதானே?" என்று கேட்டேன். "பால் வேற, இது வேற" என்று ஒரு நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். எப்படி வேறே என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. என் மாமியார் என் கொண்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர், "மண்டோர் வாயில விழாத. அடுத்த பேரு என்னுது வரும்" என்றார். பயந்தாங்கொள்ளி. அவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று, ஆனாலும் சொல்கிறேன், பயந்தாங்கொள்ளி.

மறுநாள் பஞ்சாயத்து. சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் நம்புகிறோம் என்றார்கள். கழுத்தில் ஜெபமாலையோடு இருக்கிறவளை அம்மன் வாசலில் வந்து சத்தியம் செய் என்கிறார்கள். சூசை அண்ணன் வேண்டாமென்றார். அவள் கேட்கவில்லை. குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து நின்றாள். கல்மேல் சூடத்தை ஏற்றினார்கள். "இதுல எண்ணெயும் சாம்பலும் உப்பும்தான். வேற எதையும் நான் தொடல" என்று சொல்லி, உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள். கை பொசுங்கிப்போனது. சரி, தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

பாக்கியம் நிதானமாகச் சொன்னாள்: "அவ வேதக்காரி. நம்ம ஆத்தா மேல சத்தியம் பண்ணா அவளுக்கு என்ன ஒட்டும்?" எல்லாரும் தலையாட்டினார்கள். என் மாமியாரும் ஆட்டினார். அடப் பாவிகளா, சத்தியம் கேட்டது யார்? ஒட்டாது என்று தெரிந்தவர்கள் எதற்காக அவள் கையைச் சுட வைத்தீர்கள்? இதை நான் கத்தித்தான் கேட்டேன்.

கதை அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் உபதேசியார் அவள் வீட்டுக்கு வந்தார். "அன்னிய தெய்வத்து முன்னால சத்தியம் பண்ணிட்டு நற்கருணைக்கு எப்படி வருவே?" என்று கேட்டார். வாசலில் நின்றபடியே கேட்டார், உள்ளே வரவில்லை. அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோவில் குடும்பங்களும் சவுக்காரம் வேண்டாமென்றன. வெளுக்கிறவர்கள், "துணி போடுற வீட்டுக்காரங்க எந்தச் சவுக்காரம்னு கேக்குறாங்க அக்கா, நாங்க என்ன செய்ய?" என்று ஒதுங்கினார்கள். தச்சர் பட்டறை அறை வேறொருவருக்குப் போனது. சூசை அண்ணன் கப்பலுக்குப் பேர் கொடுத்தார்.

கிள்ளான் துறைமுகத்துக்கு ரயில் ஏறுகிற அன்று, யார் யார் வழியனுப்ப வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? எல்லாரும்தான்! டின்னைக் கவிழ்த்த அத்தனை பேரும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள். பாக்கியம்தான் பெரிதாக அழுதாள். அவள் பிள்ளைக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. "மனசுல ஒண்ணும் வச்சுக்காத ஆரோக்கியம். போயிட்டு வா" என்றாள். நாங்கள் பாசாருக்குக் கறிகாய் வாங்கப் புறப்பட்டாலும் போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம். ஆரோக்கியம் அக்கா அவள் முகத்தைப் பார்த்து, "போறேன்" என்றாள். என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, "நீ வாயக் கட்டிக்க. உனக்கு இவங்களோடதான் பொழப்பு" என்றாள். அதற்குப்பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

லயன் பெண்கள் அடுத்த வாரத்திலிருந்து கடையில் விற்ற மஞ்சள் கட்டிச் சவுக்காரத்துக்கு மாறிவிட்டார்கள். சீமையிலிருந்து வருவது. அதில் படம் கிடையாது. அடுத்த ஆடிக்கு அம்மன் திரையை அதைப் போட்டுத்தான் வெளுத்தார்கள். ரொம்ப வருஷம் கழித்து, என் மகன் சுங்கை வேயில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான், நானும் அவனோடு வந்துவிட்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னான், அந்தக் காலத்து மஞ்சள் கட்டியெல்லாம் மாட்டுக் கொழுப்பில் காய்ச்சியதுதானாம்.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். சேலையை மாற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் பஸ் ஏறினேன். பாக்கியத்தின் முகத்துக்கு நேரே நின்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். போனால் வாசலில் பந்தல் போட்டிருக்கிறது. அன்றைக்கு அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம். அவள் மகன், அன்றைக்கு அம்மை கண்ட அதே பிள்ளை, "வாங்க அத்தை, அம்மா உங்களப் பத்திப் பேசும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் இலை போட்டான். சாப்பிட்டுவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

என் மாமியாரும் போய்விட்டார், உபதேசியாரும் போய்விட்டார், தலையாட்டியவர்களில் ஒருத்தி பாக்கியில்லை. லயனை இடித்துவிட்டார்கள், குழாயடி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். இப்போது நான் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நின்று, ஆரோக்கியம் அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை என்று தொண்டை கிழியச் சொல்லலாம். யார் ஆரோக்கியம் என்று கேட்பார்கள்.