காயல்பட்டினக் கதவுக்கு எந்த பாலிஷ்?

மூன்றாவது தடவையாக அந்தக் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரு புது வீடு. வாசலுக்கு நல்ல தேக்கில் கதவு. ஆசாரி தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். பாலிஷ் என் பொறுப்பு. வேலையைக் கொடுத்தது ஆமினா என்ற பெண். ஆனால் நிறம் சொல்ல வேண்டியவர் அவள் கணவர் ரஃபீக். அவர் இருப்பது துபாயில்.

வீடியோ காலில் ஆமினா போனைக் கதவுக்கு நேரே பிடிப்பாள். "செவப்பா தெரியுதே அண்ணாச்சி" என்பார் ரஃபீக். சிவப்பே கிடையாது. ஸ்டெயின் சாயத்தைக் குறைத்துக் காட்டினால், "இப்பம் மஞ்சளா அடிக்குதே" என்பார். ஜன்னலோரம் ஒரு நிறம், டியூப்லைட்டில் ஒரு நிறம், சார்ஜ் குறைந்தால் இன்னொரு நிறம். அதற்கெல்லாம் நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இது போன்ல பாக்குத சாமான் இல்ல. நான் அடிக்குதத அடிக்கேன். வந்து பாத்துப் பிடிக்கலன்னா என்னைய ஏசுங்க" என்றேன்.

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, "அண்ணாச்சி, எங்க ஊர்ல வீடு பொம்பளப் பிள்ளைக்குத்தான். இது மாமி குடுத்த எடத்துல கட்டுன ஆமினா வீடு. டைல்ஸ் மாமி பாத்தாங்க, பெயிண்ட் ஆமினா பாத்தா. நான் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறவன். கதவு மட்டுமாவது நான் சொன்னதா இருக்கட்டுமே" என்றார்.

அதுவரை அவரை நச்சுப் பிடித்த கஸ்டமர் என்றுதான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு திட்ட முடியவில்லை. அவர்களுடைய மகள் சுமையா, பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளை, போனை எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். "வாப்பாட்ட பேசும்மா" என்று ஆமினா கூப்பிட்டாள். "அவங்க போனுக்குள்ளதான இருக்காங்க, பொறவு பேசுதேன்" என்றது பிள்ளை. கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போனவர். அந்தப் பக்கம் ரஃபீக் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கப் பிடிக்கவில்லை.

துண்டுகள் போன கதை

கதவில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளை ஆசாரியிடம் கேட்டு வாங்கினேன். சாம்பிள் என்றால் அதே மரத்தில்தான் போட வேண்டும். வேறு தேக்கில் போட்டுக் காட்டுவது அண்ணனைக் காட்டித் தம்பிக்குப் பெண் கேட்கிற மாதிரி.

ஒரு துண்டுக்கு பி.யு. மேட், அதாவது பளபளப்பில்லாத பாலியூரிதேன் பூச்சு. மரத்தின் ரேகை தெரியும், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தெரியும். ஒன்றுக்கு மெலமைன். பளபளப்புக்குக் குறைவில்லை, ஆனால் நம் கடற்கரையில் காற்றில் ஈரம் ஏறிய நேரத்தில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். ஒன்றுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஒற்றுகிற பிரெஞ்ச் பாலிஷ். ரேகைக்கு அது கொடுக்கும் ஆழமே தனி, ஆனால் மழைச்சாரல் தாங்காது. கடைசியாக லின்சீடு ஆயில் என்கிற ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். எண்ணெய் மரத்துக்குள் இறங்கி ரேகையை எழுப்பிக் காட்டும். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை திரும்ப விட வேண்டும். விடாவிட்டால் உப்புக்காற்றில் மரம் வெளுத்துப் போகும். அதனால் வாசல் கதவுக்கு அதை நான் சிபாரிசு செய்வதே இல்லை.

எல்லாத் துண்டிலும் பின்பக்கம் பெயர் எழுதினேன். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, ஒன்றும் அடிக்காத ஒரு துண்டையும் சேர்த்து வைத்தேன். அதில் எதுவும் எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் துபாய் போகிறவன், மாசிக் கருவாடு, ஊறுகாயோடு அவற்றையும் கொண்டு போனான்.

வந்து சேர்ந்த அன்றே ரஃபீக் கூப்பிட்டார். "எல்லாத் துண்டும் மாசி வாசம் அடிக்குது அண்ணாச்சி. இருக்கட்டும். எனக்குப் பேர் எழுதாத துண்டுதான் பிடிச்சிருக்கு. அதுக்கு என்ன பாலிஷ்?"

ஆமினா சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. "ஏங்க, அதுல ஒண்ணுமே அடிக்கல!"

"அப்ப ஒண்ணுமே அடிக்காத மாதிரி அடிங்க."

எது அடித்தாலும் மரம் ஒரு சாயல் கூடும், நனைந்த மணல் காய்ந்த மணல் நிறத்தில் இருக்காது என்று விளக்கினேன். "ஒரு விரல்ல தண்ணியத் தொட்டு அந்தத் துண்டு மேல தேய்ச்சுப் பாருங்க" என்றேன். போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார். எங்களுக்கு அந்த அறையின் மின்விசிறி மட்டும் தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"யா அல்லாஹ்! உள்ள இவ்வளவு இருந்துச்சா?"

தண்ணீர் பட்டதும் ரேகை எழும்பியிருக்கிறது. எண்ணெய்தான் அதற்கு ரொம்பக் கிட்டே வரும் என்றேன். "ஆனா வருசா வருசம் விடணும் தம்பி. நீங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்கத்தான் வாரீங்க. பி.யு. அடிச்சிட்டா தொல்லை இல்ல."

"நான் வாரது வரைக்கும் ஒண்ணும் அடிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆமினாவின் உம்மாவுக்கு ஆத்திரம். "ஒரு கதவுக்காக வீடு காத்துக் கெடக்கணுமா?" என்று என்னைத்தான் கேட்டார். கதவு ஹாலில் போர்வை போர்த்திப் படுத்துக் கிடந்தது.

அவர் வந்தபோது

குடிபோகிற வாரம் ரஃபீக் வந்து சேர்ந்தார். கடல்காற்று எழும்புவதற்கு முன்னால் காலையிலேயே போய்விட்டேன். பி.யு. டின்னையும் எண்ணெயையும் இரண்டையும் எடுத்துப் போயிருந்தேன். சுமையா, உம்மாவைப் பெற்ற உம்மும்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று, வந்திருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிட்டாய், பொம்மை எதற்கும் கிட்டே வரவில்லையாம். ரஃபீக்கின் முகம் வாடியிருந்தது.

பி.யு. டின்னை அவர் திறக்கவே விடவில்லை. பழைய பருத்தி வேட்டித் துணியில் எண்ணெயைத் தொட்டு அவர் கையில் கொடுத்தேன். ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்கச் சொன்னேன். முதல் இழுப்பிலேயே மரம் எண்ணெயைக் குடித்து, பழுப்பும் பொன்னுமாக ரேகை கிளம்பியது. எத்தனையோ கதவில் பார்த்ததுதான். அன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை.

முந்தானைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "அது யாரு வரைஞ்சா?"

"யாரும் வரையலம்மா. உள்ளயே இருந்துச்சு" என்றார் ரஃபீக். துணியைப் பாதியாகக் கிழித்துத் தரையில் வைத்தார். கையில் கொடுத்தால் வாங்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது போல. பிள்ளை மெதுவாக வந்து துணியை எடுத்துக் கதவின் கீழ்மூலையில் தேய்க்க ஆரம்பித்தாள். ரேகைக்குக் குறுக்கேதான் தேய்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

"வருசா வருசம் இப்படி விடணுமாமே, யாரு விடப் போறா? இல்லன்னா வெளுத்துருமாம்" என்றாள் ஆமினா.

"நானே வந்து விட்டுட்டுப் போறேன் தங்கச்சி" என்றேன்.

"நீங்க வர வேண்டாம் அண்ணாச்சி" என்றார் ரஃபீக். "அதுக்குத்தான் இந்த எண்ணெய்ய எடுத்தேன்."

சுமையா தேய்ப்பதை நிறுத்தினாள். அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"வாப்பா, நீங்க வரலன்னா கதவு வெளுத்துருமா?"

போன் இல்லாமல் அவள் அவரை வாப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் எண்ணெய்த் துணிகளைக் கொடியில் விரித்துப் போடுகிற சாக்கில் கொல்லைக்குப் போய்விட்டேன். அந்தத் துணிகளைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மறக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு நான் போனது கண்ணைத் துடைக்க.

"இத அடிச்சிட்டா நீங்க திரும்பிப் பாக்கவே வேண்டாம்" என்று சொல்லித்தான் இத்தனை காலமும் பாலிஷ் விற்றேன். இப்போது முதலில், இதைக் கவனிக்க வீட்டில் யாருக்காவது ஆசை இருக்கிறதா என்று கேட்கிறேன். இருந்தால் எண்ணெய்தான் சொல்வேன், முதல் பூச்சை அவர்களையே போடச் சொல்வேன்.

ரஃபீக் மறுவருடமே வந்தார். எண்ணெய் வாங்க என் கடைக்குத் தகப்பனும் மகளும் சேர்ந்துதான் வந்தார்கள்.